நகம் திருத்தும் வேலை: கற்பது எங்கே, செல்லும் சான்றிதழ் எது?



இன்றைய பேச்சு நகத்தைப் பற்றியது. சிலர் சிரிக்கிறீர்கள். நகம் வெட்டவும் ஒரு படிப்பா என்று தோன்றும். வீட்டில் நகவெட்டி இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிட வேலை. மருதாணி அரைத்து வைத்தால் பத்து நாள் சிவப்பு நிற்கும். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

இருக்கிறது. டில்லி, மும்பை, பெங்களூர், ஐதராபாத் போன்ற நகரங்களில் நகத்துக்கென்றே தனிக் கடைகள் வந்துவிட்டன. நகத்தைத் திருத்துகிறார்கள். மெருகேற்றுகிறார்கள். நெயில் பாலிஷ் பூசிப் படம் வரைகிறார்கள். குட்டை நகத்தின் மேல் செயற்கை நகம் கட்டி நீளமாக்குகிறார்கள். இந்த வேலை செய்கிறவருக்கு ‘நெயில் டெக்னீஷியன்’ என்று பெயர். தமிழில் நகப் பராமரிப்பாளர் எனலாம். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து பெருநகரங்களுக்கு வந்த பெண்கள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். நாலு சுவருக்குள் செய்யும் வேலை. வெயில் இல்லை, சுமை இல்லை. கை சுத்தமாக இருந்தால் வாடிக்கையாளர் தேடி வருவார். ஆகவே பெண்பிள்ளைகளுக்கு இதில் ஆசை வருவதில் வியப்பில்லை.

ஆசை வந்த இடத்தில் வியாபாரமும் வந்துவிடும். ஒரு பெண் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அகாடமி’ என்று பெரிய பலகை மாட்டிய இடத்தில் விசாரிக்கிறாள். ஒரு மாதப் படிப்பு, பல ஆயிரம் ரூபாய் கட்டணம் என்கிறார்கள். அம்மா கம்மலை அடகு வைக்கிறார். மாதம் முடிகிறது. தங்க முத்திரை போட்ட பளபளப்பான தாள் ஒன்று கையில் கிடைக்கிறது. அதில் ‘சர்வதேச டிப்ளமா’ என்று இருக்கிறது. வேலை கேட்டுப் போகிறாள். கடைக்காரர் தாளைப் பார்ப்பதில்லை. “ஒரு கை செய்து காட்டும்மா” என்கிறார். அவளுக்குக் கை வரவில்லை. கம்மல் போனது போனதுதான்.

இப்படி ஆகாமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்? அதுதான் இன்றைக்குச் செய்தி.

முதலில் பழைய கதை கொஞ்சம். உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் நாவிதர் வீட்டுப் பெண்ணை ‘நாயின்’ என்பார்கள். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் நகத்தை வெட்டி, பாதத்தின் ஓரத்தில் ‘மகாவர்’ என்ற செந்நிறச் சாயம் பூசுவது அவர் வேலை. வங்காளத்தில் அந்தச் சாயத்துக்கு ‘ஆல்தா’ என்று பெயர். மாமியார் செய்வதைப் பார்த்து மருமகள் கற்றுக்கொள்வார். கூலி தானியமாகவும் சேலையாகவும் கிடைக்கும். அவருக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை. அந்த வீட்டில் பிறந்ததே சான்றிதழ். வேறு வீட்டுப் பெண் அதைச் செய்ய மாட்டார். அந்த வீட்டுப் பெண் அதை விட்டு வேறு வேலைக்குப் போகவும் முடியாது. கை நேர்த்தி இருந்தது, மரியாதைதான் இல்லை.

இன்றைக்கு அந்தக் கட்டு அறுந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் கற்கலாம். நல்லதுதான். ஆனால் சரியாகக் கற்றாரா என்று யார் பார்ப்பது?

அமெரிக்காவில் அரசு பார்க்கிறது. அங்கே உரிமம் இல்லாமல் கூலிக்காக இன்னொருவர் நகத்தைத் தொடக் கூடாது. கலிபோர்னியா மாநிலத்தில் 400 மணி நேரம் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். டெக்சாஸில் 600 மணி. நியூயார்க்கில் 250 மணி. பிறகு மாநில வாரியத்தின் தேர்வு. தேறினால் உரிமம். அந்த உரிமத்தைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும்.

நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. கடை திறக்க உள்ளாட்சியின் தொழில் உரிமம் வேண்டும். கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். இவை கடைக்கு. உள்ளே வேலை செய்கிறவர் கைக்கு எந்த உரிமமும் கட்டாயமில்லை. இதில் ஏழைப் பெண்ணுக்கு ஒரு வசதி உண்டு. எந்த வாசலும் அவரைத் தடுக்காது. ஒரு ஆபத்தும் உண்டு. கற்றுத் தருகிறேன் என்று சொல்பவரையும் எந்த வாசலும் தடுக்காது. நேற்று கற்றவர் இன்று ஆசிரியை ஆகலாம். பலகை எழுதுபவருக்குக் கூலி கொடுத்தால் போதும், அகாடமி தயார்.

சரி, ஒழுங்கான பயிற்சி என்றால் அதில் என்ன இருக்கும்? படம் வரைவது கடைசியில்தான் வரும். முதல் பாடம் நகத்தின் உடற்கூறு. கண்ணுக்குத் தெரியும் நகத் தகடு உயிரற்றது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. அடியில் இருக்கும் நகப்படுகை உயிருள்ளது. நகம் பிறக்கும் இடம் தோலுக்கு உள்ளே, நகத்தின் அடிவேரில் இருக்கிறது. அந்த இடத்தை மூடிக் காக்கும் மெல்லிய தோலைத்தான் பல கடைகளில் ‘அழுக்கு’ என்று நினைத்து வெட்டித் தள்ளுகிறார்கள். அது அழுக்கில்லை. கதவு. கதவை வெட்டினால் கிருமி உள்ளே போகும். நகச்சுத்தி வரும். நகச்சுத்தி வந்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். இரவெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கும்.

கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு நகம் முழுதாகப் புதிதாக வர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். கால் கட்டைவிரல் நகத்துக்கு ஒரு வருடமும் அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே அரை மணி நேரத்தில் செய்த தவறு அரை வருடம் அந்த விரலில் நிற்கும். வாடிக்கையாளர் தினமும் அதைப் பார்ப்பார். தன் சிநேகிதிகளுக்கும் காட்டுவார்.

இரண்டாவது பாடம், எப்போது வேலை செய்யக் கூடாது என்பது. நல்ல பயிற்சி நிலையத்துக்கும் வெறும் கடைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும். மஞ்சளாகத் தடித்து உதிரும் சொத்தை நகத்தின் மேல் பாலிஷ் பூசினால் நோய் மறையுமே தவிரப் போகாது. அந்த அரத்தை அடுத்தவருக்குப் போட்டால் அவருக்கும் நோய் போகும். அப்படிப்பட்ட நகத்தைக் கண்டால் “டாக்டரிடம் காட்டுங்கள் அக்கா” என்று சொல்லி அனுப்ப வேண்டும். வரும் காசை வேண்டாம் என்று சொல்லப் பழக வேண்டும். இது கஷ்டமான பாடம்.

சர்க்கரை நோய் உள்ளவர் கால் அதைவிடக் கவனம் வேண்டியது. நெடுநாள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். வெந்நீர் சுட்டாலும் தெரியாது, கத்தி பட்டாலும் தெரியாது. சின்னக் கீறல் புண்ணாகும். புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டிய நிலையும் வரும். ஆகவே காலைத் தண்ணீரில் வைக்கும் முன்பே, “சர்க்கரை உண்டா?” என்று கேட்க வேண்டும். குதிகால் தோலை பிளேடால் சீவுவது யாருக்குமே கூடாது. இவர்களுக்கு அறவே கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித் தராத பயிற்சி எவ்வளவு மலிவானாலும் விலை அதிகம்தான்.

மூன்றாவது, கருவிகளின் சுத்தம். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு கிருமிநாசினியில், அதன் சீட்டில் எழுதியிருக்கும் நேரம் வரை முழுதாக மூழ்கியிருக்க வேண்டும். இரும்புக் கருவிகளை நீராவிக் கொதிகலனில் வைத்து எடுப்பது இன்னும் நல்லது. அட்டை அரம், ஆரஞ்சு மரக்குச்சி போன்றவற்றை ஒருவருக்குப் பயன்படுத்தியதும் எறிந்துவிட வேண்டும். எறிய மனம் வராது. நல்ல அரம்தானே, இன்னும் தேயவில்லையே என்று கை தயங்கும்.

தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. 2000-ஆம் ஆண்டு வடக்குக் கலிபோர்னியாவில் ஒரே நகக் கடைக்குச் சென்ற 100-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்களில் கட்டிகள் கிளம்பின. மாதக்கணக்கில் ஆறவில்லை. ஆறிய பிறகும் சிலருக்குத் தழும்பு நின்றது. சுகாதார அதிகாரிகள் கடையைச் சோதித்தார்கள். கால் ஊறவைக்கும் தொட்டியில் தண்ணீரை உள்ளிழுக்கும் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் அடைந்து கிடந்தன. அதை யாரும் திறந்து சுத்தம் செய்யவே இல்லை. அங்கேதான் கிருமி குடியிருந்தது. கடைக்கு வருமுன் காலை மழித்துக்கொண்டவர்களுக்குப் பாதிப்பு அதிகம். உரிமம் கேட்கும் மாநிலத்திலேயே இது நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். உரிமம் சுவரில் தொங்கும். சல்லடையைக் கைதான் கழற்ற வேண்டும்.

அடுத்தது மருந்துச் சாமான்கள். இங்கேதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற உங்களுக்கு வேலை இருக்கிறது. செயற்கை நகத்துக்கு அக்ரிலிக் என்ற திரவமும் பொடியும் பயன்படும். பல் வைத்தியத்தில் செயற்கைப் பல் கட்டப் பயன்பட்ட பொருளிலிருந்து வந்தது அது. இதில் ‘மெத்தில் மெத்தாக்ரிலேட்’ என்ற மலிவான வகை ஒன்று உண்டு. காய்ந்தால் கல் போலாகும். மூக்கைத் துளைக்கும் நெடி. எங்காவது இடித்துக்கொண்டால் செயற்கை நகம் உடையாது, அடியில் இருக்கும் சொந்த நகம் பெயர்ந்துவிடும். அமெரிக்காவில் 1970-களிலேயே இதைப் பற்றிப் புகார் வந்து, அரசு நடவடிக்கை எடுத்தது. நல்ல நிறுவனங்கள் ‘எத்தில்’ வகையைப் பயன்படுத்துகின்றன. மெத்தில், எத்தில் இரண்டுக்கும் எழுத்தில் வேறுபாடு கொஞ்சம்தான். விரலில் வேறுபாடு அதிகம்.

ஜெல் என்பது இன்னொரு வகை. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால்தான் இறுகும். விளக்கு வேறு கம்பெனி, ஜெல் வேறு கம்பெனி என்றால் சரியாக இறுகாமல் போகலாம். இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். அரிப்பு, கொப்புளம், விரல் நுனி வெடிப்பு. ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. வாடிக்கையாளருக்கு மாதம் ஒருமுறைதான் படும். வேலை செய்யும் பெண்ணுக்குத் தினமும் படும். முதலில் கெடுவது அவர் கைதான். ஜெல்லில் சேர்க்கும் டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டது. இப்படி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கற்றவர் படிப்பதை நிறுத்த முடியாது.

இந்தியாவில் அழகுப் பொருள்கள் 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. 2020-இல் இவற்றுக்கெனத் தனி விதிகளும் வந்தன. புட்டியின் மேல் தயாரித்தவர் பெயர், முகவரி, தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். இங்கே செய்த சரக்கு என்றால் தயாரிப்பு உரிம எண்ணும் வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். சந்தையில் சீட்டே இல்லாத புட்டி பாதி விலைக்குக் கிடைக்கும். பயிற்சி நிலையத்தின் அலமாரியில் அப்படிப்பட்ட புட்டிகள் இருந்தால், அங்கே பணம் கட்டும் முன் யோசியுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும் என்பதால், பூஜை விளக்கோ ஊதுவத்தியோ எரியும் மேசையில் அதைத் திறக்கக் கூடாது. பல கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே சாமி படம், விளக்கு, அசிட்டோன் புட்டி மூன்றும் இருக்கும்.

இனி, எங்கே கற்பது?

உங்களுக்கு மிக அருகில் இருப்பது மக்கள் கல்வி நிறுவனம். இந்தியில் ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் என்பார்கள். இதன் கதை எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்த கதை. 1967-இல் மும்பை வொர்லியில் ஆலைத் தொழிலாளர்களுக்காக ‘சிரமிக் வித்யாபீட்’ என்ற பெயரில் முதல் நிறுவனம் தொடங்கியது. 2000-இல் பெயர் மாறியது. நெடுங்காலம் கல்வித் துறையில் இருந்தது. 2018-இல் திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாறியது. எழுதப் படிக்கத் தெரியாதவர், புதிதாகக் கற்றவர், பள்ளியை இடையில் விட்டவர் ஆகியோருக்காகவே இது ஏற்பட்டது. கட்டணம் மிகக் குறைவு. பலருக்குக் கட்டணமே இல்லை. அழகுக் கலைப் படிப்பு இங்கே பெண்கள் அதிகம் கேட்கும் படிப்புகளில் ஒன்று. கை, கால், நகப் பராமரிப்பின் அடிப்படை அதில் அடங்கும். செயற்கை நகம் கட்டுவதைப் பொதுவாக இங்கே எதிர்பார்க்க முடியாது. பரவாயில்லை. அடித்தளம் போட்ட பிறகுதான் மாடி.

கிராமத்துப் பெண்களுக்கு இன்னொரு வழி உண்டு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். சுருக்கமாக ஆர்செட்டி. கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்கு அருகில் உஜிரே என்ற ஊரில் 1982-இல் தொடங்கிய முயற்சிதான் இதற்கு முன்மாதிரி. பிறகு மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடெங்கும் வந்தது. 18 வயது நிரம்பியவர் சேரலாம். சுமார் ஒரு மாதம் அங்கேயே தங்கி அழகு நிலையம் நடத்தக் கற்கலாம். சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் இலவசம். வேலைக்குப் போகிறவரைவிடச் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவருக்கு இது பொருத்தம். கணக்கு எழுதவும், வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் போடவும் சொல்லித் தருகிறார்கள். மாவட்டத்தின் முன்னோடி வங்கியில் விசாரித்தால் முகவரி கிடைக்கும்.

பத்தாம் வகுப்பு தேறியவர் என்றால் ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையத்தில் ‘காஸ்மெட்டாலஜி’ பிரிவில் ஒரு வருடம் படிக்கலாம். முடி, தோல், நகம் மூன்றும் அதில் உண்டு. முடிவில் தேசியத் தொழிற் சான்றிதழ். ஒரு வருடமா என்று மலைப்பவர்கள் உண்டு. வீட்டுச் சூழ்நிலை இடம் கொடுத்தால் இதை விட வேண்டாம். ஒரு மாதத் தாளோடு இதை ஒப்பிடவே முடியாது. அரசு நிலையமாக இருந்தால் கட்டணமும் குறைவு.

குறுகிய காலப் பயிற்சிகளும் இருக்கின்றன. பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா 2015-இல் தொடங்கியது. அதன்பின் பலமுறை மாறி, 2025-இல் வேறு திட்டங்களோடு ஒரே குடையின் கீழ் வந்தது. திட்டத்தின் பெயர் மாறும், கட்டம் மாறும். ஆகவே பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். உள்ளே இருக்கும் ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

அந்த ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு தொழிலுக்கும் அந்தத் துறைக்கான திறன் குழு, வேலை செய்கிறவருக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று எழுதிவைக்கிறது. அழகுத் தொழிலுக்கும் அப்படி ஒரு குழு உண்டு. நகப் பராமரிப்பாளர் வேலைக்கும் அது தரம் எழுதியிருக்கிறது. 2013-இல் வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு படிநிலை எண் உண்டு. இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்ய, தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழு என்ற அமைப்பை மத்திய அரசு 2018-இல் அறிவித்தது. 2020 முதல் அது செயல்படுகிறது. முக்கியமான செய்தி என்னவென்றால், பாடம் சொன்னவரே மதிப்பெண் போடுவதில்லை. வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து தேர்வு வைக்கிறார். தன் மாட்டுக்குத் தானே விலை சொல்வது போலாகக் கூடாது என்பதற்காக.

ஏற்கெனவே பார்லரில் ஐந்தாறு வருடம் வேலை பார்த்த அக்காக்கள் இருப்பீர்கள். கூட்டுவது, துண்டு துவைப்பது, கருவி கழுவுவது என்று தொடங்கி, பார்த்துப் பார்த்தே கற்றிருப்பீர்கள். கையில் வேலை இருக்கும், தாள் இருக்காது. உங்களுக்காகவே ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்ற வழி இருக்கிறது. ஆங்கில எழுத்துகளில் ஆர்.பி.எல். என்பார்கள். முழுப் படிப்பையும் மறுபடி படிக்க வேண்டாம். சிறிது அறிமுக வகுப்பு, பிறகு தேர்வு. தேறினால் சான்றிதழ். இதைப் பற்றிப் பலருக்குத் தெரிவதே இல்லை. முதலாளிகளில் சிலர் சொல்வதும் இல்லை. தாள் வந்தால் ஆள் போய்விடுவாரே!

பார்லரில் உதவியாளாகச் சேர்ந்து கற்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். கை பழகுவது அங்கேதான். ஆனால் கற்றுத்தருவதாகச் சொல்லிக் கூலியே கொடுக்காமல் மாதக்கணக்கில் வேலை வாங்கும் பழக்கம் உண்டு. இது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. 2015-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், அந்த நகரத்து நகக் கடைகளைப் பற்றி எழுதியது. புதிதாக வரும் பெண்களிடம் கடைக்காரர்கள் 100 டாலர் பயிற்சிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, சம்பளம் இல்லாமல் வேலை வாங்கினார்கள் என்று அது விவரித்தது. செய்தி வந்த சில மாதங்களில் மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது. கடையில் வேலை செய்தபடியே கற்கும் பெண்ணுக்கு ‘பயிற்சியாளர்’ என்று பதிவு கொடுத்தது. ஒரு வருடம் அப்படி வேலை செய்தபின் உரிமத் தேர்வு எழுதலாம். நம் நாட்டிலும் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுதிச் சேர்ந்த பழகுநருக்கு மாதா மாதம் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். வாய்ப்பேச்சில் சேர்ந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மொழி தெரியாதே, தேர்வு எழுத முடியுமா என்று சிலருக்குப் பயம் இருக்கும். அதற்கு நகத் தொழிலின் வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1975-இல் வியட்நாம் போர் முடிந்தது. ஏராளமான அகதிகள் அமெரிக்கா வந்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு முகாமுக்கு டிப்பி ஹெட்ரன் என்ற திரைப்பட நடிகை உதவி செய்யப் போவார். அங்கிருந்த வியட்நாம் பெண்கள் அவருடைய நகங்களைப் பார்த்து வியந்தார்கள். தையலோ தட்டச்சோ கற்றுத்தரலாம் என்று நினைத்திருந்தவர் அங்கேயே முடிவை மாற்றினார். தனக்கு நகம் திருத்தும் பெண்ணையே முகாமுக்கு அழைத்து வந்தார். 20 பெண்கள் கற்றார்கள். பக்கத்து அழகுக்கலைப் பள்ளியில் சேர்ந்து மாநில உரிமமும் வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து அக்கா, தங்கை, அத்தை, நாத்தனார் என்று எல்லோரும் வந்தார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் நகத் தொழில் செய்கிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம் வழியினர். வேலையைக் கைப்பார்வையில் கற்றுவிடலாம், எழுத்துத் தேர்வுதான் பலருக்குத் தடையாக இருந்தது. 1996 முதல் கலிபோர்னியா அந்தத் தேர்வை வியட்நாம் மொழியிலும் நடத்துகிறது.

ஆகவே சேரும் அன்றே கேளுங்கள். தேர்வு எந்த மொழியில்? தாய்மொழியில் எழுத முடியுமா? வாய்மொழியாகப் பதில் சொல்ல இடம் உண்டா? கடைசி வாரத்தில் கேட்டுப் பயனில்லை.

தனியார் நிலையங்கள் எல்லாமே மோசம் என்று சொல்வது நியாயமில்லை. அருமையாகக் கற்றுத்தரும் இடங்கள் இருக்கின்றன. செயற்கை நகமும் நக ஓவியமும் கற்க வேண்டுமானால் பெரும்பாலும் அங்கேதான் போக வேண்டியிருக்கும். வெளிநாட்டுத் தேர்வு அமைப்புகளின் பாடத்தை முறையாக நடத்துபவையும் உண்டு. ஆனால் பலகையில் எழுதியிருப்பதைப் பிரித்துப் படிக்க வேண்டும். ‘ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது’ என்றால் அந்த நிறுவனத்தின் நிர்வாக முறைக்குச் சான்று. உங்கள் கைக்கு அல்ல. ‘அரசுப் பதிவு பெற்றது’ என்றால் பெரும்பாலும் சிறுதொழிலாகவோ சங்கமாகவோ பதிவு செய்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பெட்டிக்கடையும் அப்படிப் பதிவு செய்துகொள்ளலாம். ‘சர்வதேச’ என்ற சொல்லுக்கு எந்த அர்த்தமும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பணம் கட்டும் முன் ஒருநாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடலாம். ஒரு மேசைக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பத்துப் பேருக்கு ஒரு விளக்கு என்றால் உங்கள் கை எப்போது பழகும்? மாணவிகள் பிளாஸ்டிக் கையில் மட்டும் பழகுகிறார்களா, உயிருள்ள கையிலும் பழகுகிறார்களா என்று பாருங்கள். பிளாஸ்டிக் கை “ஆ!” என்று கத்தாது. கருவிகளை எங்கே கழுவுகிறார்கள் என்று பாருங்கள். பெட்டியும் சாமானும் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

தேர்வு நாள் எப்படி இருக்கும்? எழுத்துக் கேள்விகள் இருக்கும். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும். சில நேரம் மாதிரிக்கு ஆளை நீங்களே அழைத்துவரச் சொல்வார்கள். சொத்தை நகமோ, விரலில் புண்ணோ இல்லாதவரை அழைத்துப் போங்கள். மேசை விரிப்பதிலிருந்தே மதிப்பெண் தொடங்கும். கை கழுவினாரா, வாடிக்கையாளரிடம் நோய் விவரம் கேட்டாரா, கீழே விழுந்த கருவியை எடுத்து அப்படியே பயன்படுத்தினாரா என்று அவர் குறித்துக்கொண்டே இருப்பார். ஓவியம் அழகாக வந்தும் சுத்தத்தில் மதிப்பெண் போவது உண்டு.

சான்றிதழ் வந்ததும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். வரி வரியாகப் படியுங்கள். வழங்கியது யார், எந்த வேலைக்கு, எந்தப் படிநிலை, சான்றிதழ் எண் என்ன என்று பாருங்கள். திறன் திட்டச் சான்றிதழில் கட்டம் கட்டமாக ஒரு கியூ.ஆர். குறி இருக்கும். செல்பேசியில் அதைப் படமெடுத்தால் விவரம் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் பயிற்சி நிலையத்தில் காரணம் கேளுங்கள். உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதார் அட்டையில் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த வாரமே மனு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக்குக் கடன் கேட்டுப் போகும் நாளில் அந்த ஓர் எழுத்துக்காகத் திருப்பி அனுப்புவார்கள்.